பைக்கின் கோன் செட்: ரேஸைக் கழற்றுவது, மாட்டுவது

பால்ரஸ் என்றால் நம் மனதில் உருள்வது பளபளக்கும் இரும்புக் குண்டு. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. பால் என்பது குண்டு, ரேஸ் என்பது அந்தக் குண்டு ஓடும் பாதை. பாதையின் பெயரைத் தூக்கிக் குண்டுக்கு வைத்துவிட்டோம். பேச்சில் இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பைக்கின் கழுத்தை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தை, திறக்கும்போதுதான் இது காலை வாரிவிடும். ‘பால்ரஸ் மாற்றியாச்சு’ என்று குண்டுகளை மட்டும் புதிதாகப் போட்டு, குழி விழுந்த பாதையை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதுக் குண்டு பழைய குழியில் போய் உட்காரும். ஹேண்டில் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும்.

குண்டை மாற்றுவது சுலபம், கையால் அள்ளி எடுத்துவிடலாம். ரேஸ் அப்படி இல்லை. அது ஃபிரேமுக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் பலர் அதைத் தொடாமலே விடுகிறார்கள். ஆனால் அது ஏன் இறுகியிருக்கிறது என்பது ஒருமுறை புரிந்துவிட்டால், எங்கே அடிக்க வேண்டும், எங்கே அடிக்கவே கூடாது என்பது தானாக விளங்கிவிடும்.

கழுத்துக்குள் என்ன இருக்கிறது

ஃபிரேமின் முன்பக்கத்தில் சாய்வாக ஒரு தடித்த குழாய் இருக்கும். அதைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியாக மேலிருந்து கீழாக ஒரு தண்டு போகிறது. அதுதான் ஸ்டெம். ஸ்டெமின் காலடியில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் பிடித்திருக்கும் கீழ் கிளாம்ப். ஸ்டெமும் கீழ் கிளாம்பும் ஒரே உடம்பாக இருக்கும். ஸ்டெமின் தலையில் மேல் கிளாம்ப், அதன் மேல் ஹேண்டில். ஹேண்டிலைத் திருப்பினால் ஸ்டெம் கழுத்துக்குள் சுழலும். உலோகத்தோடு உலோகம் உரசாமல் இருக்க, கழுத்தின் மேல் வாயில் ஒரு பேரிங், கீழ் வாயில் ஒரு பேரிங். இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் பட்டறையில் கோன் செட் என்று பெயர்.

ஒவ்வொரு பேரிங்கிலும் வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், நடுவில் உருளுகிற குண்டுகள். அந்த வளையங்கள்தான் ரேஸ். ஆக மொத்தம் நான்கு ரேஸ். வெளி ரேஸ்கள் இரண்டும் கழுத்தின் இரு வாய்களிலும் இறுக்கமாக அடித்து உட்கார வைக்கப்பட்டிருக்கும். கீழ் உள் ரேஸ் ஸ்டெமின் காலடியில் அதே மாதிரி இறுகியிருக்கும். நான்காவதான மேல் உள் ரேஸ் மட்டும் ஸ்டெமின் மேல் சும்மா நழுவி இறங்கும். அது மட்டும் ஏன் லூஸ்? அதன் மேல்தான் அட்ஜஸ்டிங் நட்டு வருகிறது. நட்டை இறுக்கினால் இந்த ரேஸ் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், தளர்த்தினால் மேலே வர வேண்டும். இறுகிப் பிடித்திருந்தால் அட்ஜஸ்ட் பண்ணவே முடியாது. சில பைக்குகளில் அந்த நட்டின் அடிப்பக்கமே ரேஸாக இருக்கும்.

நடுவில் உருளுவது பைக்குக்குப் பைக்கு மாறும். எளிய பைக்குகளில் தனித்தனிக் குண்டுகள், கிரீஸில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் அதே குண்டுகள் ஒரு தகரக் கூட்டுக்குள் கோக்கப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் குண்டுக்குப் பதில் கூம்பு மாதிரி சாய்ந்த உருளைகள். இதை டேப்பர் பேரிங் என்பார்கள். குண்டு ரேஸைத் தொடுவது ஒரு புள்ளியில். உருளை தொடுவது ஒரு கோடு நீளத்துக்கு. பாரம் பரவுவதால் டேப்பர் பேரிங்கில் குழி விழுவது குறைவு. அதனால்தான் குண்டு வகை கெட்டதும் சிலர் அளவு பார்த்து டேப்பருக்கு மாறிவிடுகிறார்கள். உங்கள் மாடலுக்கென்று விற்கும் செட்டாக இருந்தால் மாறலாம். ‘கிட்டத்தட்ட பொருந்துகிறது’ என்பதற்கு இந்த இடத்தில் மதிப்பில்லை.

சுற்றாததால் கெடுகிற பேரிங்

சக்கரத்தின் பேரிங் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் தேயும். ஸ்டீரிங் பேரிங்கின் சிக்கல் இதற்கு நேர் எதிர். அது சுற்றுவதே இல்லை. நேர்ச் சாலையில் வேகமாகப் போகும்போது ஹேண்டில் இந்தப் பக்கம் ஒரு டிகிரி, அந்தப் பக்கம் ஒரு டிகிரி ஆடினாலே அதிகம். பயணம் முழுவதும் ஒவ்வொரு குண்டும் ரேஸின் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தில் விழும் அடி, பிரேக் பிடிக்கும்போது வரும் பாரம், எஞ்சினின் நடுக்கம், எல்லாமே அந்த ஒரே இடத்தில்தான் இறங்குகின்றன.

அங்கே நடப்பது வெறும் அடி மட்டும் இல்லை. சின்னச் சின்ன நடுக்கம் குண்டுக்கு அடியில் இருக்கும் கிரீஸை ஓரமாகத் தள்ளிவிடுகிறது. பேரிங் முழுச் சுற்று சுற்றினால் குண்டு போய்ப் புது கிரீஸை வாரிக்கொண்டு வரும். இங்கே அதற்கு வழியில்லை. காய்ந்த இடத்தில் உலோகம் உலோகத்தைத் தேய்த்து, துருநிறத்தில் பொடி கிளம்பும். நாளடைவில் ஒவ்வொரு குண்டுக்கும் அடியில் ஒரு சின்னக் குழி. தண்ணீர் புகுந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். பிரஷர் வாட்டர் அடிக்கிறவர்கள் கழுத்தை நேராகக் குறிபார்த்து அடிக்காமல் இருப்பது நல்லது.

கழற்றிய பழைய ரேஸைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுநடுவே ஒரே இடைவெளியில் மங்கலான புள்ளிகள் தெரியும். கண்ணுக்குச் சும்மா கறை மாதிரித்தான் இருக்கும். கட்டைவிரல் நகத்தின் நுனியை அதன் மேல் மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு புள்ளியிலும் நகம் ‘டிக்’ என்று நிற்கும். நகம் நிற்கிற இடத்தில் குண்டும் நிற்கும். ஹேண்டிலைத் திருப்பும்போது தடுக்குவதும் அதனால்தான்.

கழற்றாமலே கண்டுபிடிக்க வேண்டுமானால், பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிக்கொள்ளுங்கள். ஹேண்டிலை இரண்டு விரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஏதோ பள்ளத்தில் விழுந்து நிற்பது மாதிரி இருந்தால் ரேஸில் குழி விழுந்துவிட்டது. அடுத்து, ஃபோர்க்கின் அடிப்பகுதி இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் செட் லூஸ். லூஸ் மட்டும்தான், குழி இல்லை என்றால் அட்ஜஸ்ட் பண்ணினாலே போதும். குழி விழுந்த செட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழி மறையாது, ஆழமாகத்தான் ஆகும்.

இறுக்கம் எவ்வளவு என்றால்

ரேஸை ஒட்டுவதற்குப் பசை கிடையாது, போல்ட்டும் கிடையாது. கழுத்தின் துளையை விட ரேஸின் வெளி விட்டம் ஒரு பொடி அதிகம், அவ்வளவுதான். எத்தனை பொடி? மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. அந்தத் துளி வித்தியாசத்தால் ஃபிரேம் சற்று விரிந்தும் ரேஸ் சற்று ஒடுங்கியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, ரேஸ் நேராக இருந்தால்தான் நகரும். அது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் குறுக்கே அளவு கூடி, ஆப்பு மாதிரி இறுகிவிடும். அதற்கு மேல் பலமாக அடித்தால் ரேஸ் போகாது, துளைதான் கீறும். துளை கெட்டால் கெட்டது ஃபிரேம். இரண்டாவது, இவ்வளவு சின்ன வித்தியாசத்தைச் சூட்டாலும் குளிராலும் கிட்டத்தட்ட அழித்துவிடலாம். 50 மி.மீ. விட்டமுள்ள இரும்பு வளையத்தை 40 டிகிரி குளிர வைத்தால் அது ஏறத்தாழ 0.024 மி.மீ. சுருங்கும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் நாம் சண்டை போடுவதே அந்த அளவோடுதான். அதோடு கழுத்தை 50 டிகிரி சூடேற்றினால் துளை 0.03 மி.மீ. பெரிதாகும். அலுமினியக் கழுத்தாக இருந்தால் விரிவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கழற்றுவதற்கு முன்னால்

முன்சக்கரம், மட்கார்டு, ஃபோர்க், ஹேண்டில், மேல் கிளாம்ப் என்ற வரிசையில் எல்லாம் இறங்க வேண்டும். இதை விரித்து எழுத அவசியமில்லை, உங்கள் பைக்கின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சில எச்சரிக்கைகள் மட்டும். மேல் கிளாம்பின் பெரிய நட்டையும் ஃபோர்க் போல்ட்டுகளையும் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், அந்தரத்தில் தொங்கும்போது இவற்றோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியில் கட்டி வையுங்கள். பைக்கைத் தூக்க ஜாக்கி வைப்பது எஞ்சினின் கெட்டியான அடிப்பகுதியில் அல்லது ஃபிரேமில். சைலன்ஸர் பைப்பில் வைக்கக் கூடாது. இனி நீங்கள் சுத்தியலால் அடிக்கப்போகிறீர்கள், அதனால் பைக்கைப் பின்பக்கத்திலிருந்தும் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

தனிக் குண்டு வகையாக இருந்தால், கீழே ஒரு பழைய துணியை விரித்த பிறகுதான் கடைசி நட்டைக் கழற்ற வேண்டும். ஒரு கை ஸ்டெமை அடியிலிருந்து தாங்கிக்கொண்டிருக்கட்டும். மேலே எத்தனை குண்டு, கீழே எத்தனை குண்டு என்று தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கையாக, ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

வெளி ரேஸை எடுப்பது

கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துளைக்குள் ரேஸ் போய் முட்டி உட்கார ஒரு படி வெட்டியிருப்பார்கள். அந்தப் படியின் ஓரத்தைத் தாண்டி, ரேஸின் உள் விளிம்பு மெல்லிய வளையமாக எட்டிப் பார்க்கும். பல ஃபிரேம்களில் இதற்கென்றே எதிரெதிரே இரண்டு இடங்களில் படியைச் சற்றுக் குடைந்து விட்டிருப்பார்கள். அந்த விளிம்புதான் உங்கள் பிடி. மேல் ரேஸை எடுக்கக் கீழ் வாய் வழியாக நீளமான பஞ்ச்சை (அடித்துத் தள்ளும் இரும்புக் கம்பி) விட்டு, அந்த விளிம்பில் வைத்து மேல்நோக்கி அடிக்க வேண்டும். கீழ் ரேஸுக்கு மேல் வாய் வழியாக.

இந்தப் பக்கம் ஒரு அடி, நேர் எதிர்ப்பக்கம் ஒரு அடி. மறுபடி இந்தப் பக்கம். ஒரே இடத்தில் தொடர்ந்து அடிக்கிற ஆசையை அடக்குங்கள், ரேஸ் சாய்ந்துவிடும் என்று மேலே சொன்னது இதற்குத்தான். முதல் சில அடிகளுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் சத்தம் மாறும். முதலில் அசைந்துவிட்டால் பிறகு சுலபமாக வந்துவிடும். பஞ்ச்சின் நுனி மழுங்கி வட்டமாக இருந்தால் விளிம்பிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். கிரைண்டரில் அதைத் தட்டையாக்கிக்கொள்வது பத்து நிமிட வேலை, அரை நாள் எரிச்சலை மிச்சம் பண்ணும்.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ரேஸ் செய்யப்படுவது மிகக் கடினமாக்கப்பட்ட எஃகில். கடினமான எஃகு வளையாது, சில்லாகத் தெறிக்கும். அதுவும் சுத்தியலை நேராக ரேஸில் அடித்தால் கண்டிப்பாக ஆபத்து.

சில பைக்குகளில் பிடிப்பதற்கு விளிம்பே இருக்காது. படியும் ரேஸும் ஒரே மட்டமாக இருக்கும். அதற்கு உள்ளிருந்து விரிந்து கவ்வும் புல்லர் கிடைக்கும். அதுவும் கவ்வவில்லை என்றால் பட்டறைக்காரர்களின் ஒரு பழைய வித்தை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ரேஸின் உள்பக்கத்தில், குண்டு ஓடுகிற பாதையின் மேலேயே, சுற்றி ஒரு கோடு வெல்டிங் போடுவார்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, ரேஸையும் சேர்த்து உள்நோக்கி இழுக்கும். நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தானே பிடிமானம்? அது போய்விடும். ஆறியதும் லேசாகத் தட்டினாலே விழும், சில நேரம் தட்டாமலே கையில் வரும். வெல்டிங் தெரிந்தவரிடம் விட வேண்டிய வேலை இது. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்து, பேட்டரி வயரையும் எலக்ட்ரானிக் யூனிட்டின் இணைப்பையும் பிடுங்கி, கிரீஸை நன்றாகத் துடைத்த பிறகே தொடங்க வேண்டும்.

ஸ்டெமின் காலடியில் இருக்கும் ரேஸ்

இதுதான் அடம் பிடிக்கும். கீழ் உள் ரேஸுக்கும் கிளாம்புக்கும் நடுவே தூசி புகாமல் தடுக்கும் ஒரு டஸ்ட் சீல் நசுங்கிக் கிடக்கும். உளி நுழைய இடம் அந்தச் சந்து மட்டும்தான். முதலில் பழைய நட்டை ஸ்டெமின் மேல் மரையில் முழுக்க ஏற்றிவிடுங்கள். ஸ்டெம் தவறி விழுந்தாலும் மரை பிழைக்கும். பிறகு மெல்லிய உளியை ரேஸின் அடியில் நுழைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே கிளப்ப வேண்டும். இங்கேயும் எதிரெதிர்ப் பக்கம்தான். ஒரு சந்து கிடைத்ததும் இரண்டு டயர் லீவரை எதிரெதிரே கொடுத்து நெம்பலாம். அலுமினியக் கிளாம்பாக இருந்தால் லீவருக்கு அடியில் தகடு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரேஸ் வருவதற்குள் கிளாம்ப் வடுப்பட்டுவிடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் கிரைண்டர். ரேஸின் பக்கத்தில் ஒரு கோடு மாதிரி அறுக்க வேண்டும், ஆனால் முழுக்க அறுக்கக் கூடாது. ஸ்டெமைத் தொடுவதற்கு ஒரு மெல்லிய தோல் மிச்சமிருக்கும்போது நிறுத்திவிட்டு, அந்த வெட்டில் உளியை வைத்து ஒரே அடி. கடின எஃகு வளையாது என்று சொன்னேனே, இங்கே அந்தக் குணம் நமக்கு உதவுகிறது. ‘டிங்’ என்று விரிசல் விழுந்து பிடி விட்டுவிடும். டேப்பர் பேரிங் என்றால் முதலில் கூட்டையும் உருளைகளையும் வெட்டி எடுத்துவிட்டால்தான் ரேஸ் கண்ணில் படும்.

புதியதை உட்கார வைப்பது

பழைய ரேஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வேலை இருக்கிறது. முதலில் அதில் எழுதியிருக்கும் எண்ணைப் புதியதோடு ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு 32005 என்ற டேப்பர் பேரிங்கின் அளவு உள் விட்டம் 25, வெளி விட்டம் 47, அகலம் 15 மி.மீ. எண் அழிந்திருந்தால் வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளலாம்.

அப்புறம் சுத்தம். நான் முதல்முறை இந்த வேலையைச் செய்தபோது இதைத்தான் கோட்டை விட்டேன். ரேஸை அடித்து இறக்கினேன், ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கவில்லை, ‘சரி, உட்கார்ந்துவிட்டது’ என்று முடிவு பண்ணி எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். அட்ஜஸ்ட்மென்ட் அழகாக இருந்தது. இரண்டு வாரத்தில் பிரேக் பிடித்தால் ‘டக்’ என்றது. இறுக்கினேன். மறுபடி சில நாளில் ‘டக்’. மூன்றாவது முறை பொறுமையிழந்து முழுக்கக் கழற்றி டார்ச் அடித்தால், கீழ் ரேஸுக்கும் படிக்கும் நடுவே ஒரு பக்கம் மெல்லிய கருப்புக் கோடு. சந்தை அளக்கும் ஃபீலர் கேஜின் 0.10 மி.மீ. தகடு அங்கே தாராளமாகப் போனது. படியின் மேல் இருந்த ஒரு பெயின்ட் கட்டிதான் காரணம். ஓட்ட ஓட்ட அது நசுங்கி, ரேஸ் துளித்துளியாக உள்ளே போய், நான் இறுக்கியதையெல்லாம் தின்றுகொண்டிருந்தது.

ஆகவே துளையையும் படியையும் விரலால் தடவிப் பாருங்கள். பழைய கிரீஸ், துரு, பெயின்ட், பஞ்ச் பட்டு எழும்பிய பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. பிசிறை மெல்லிய உப்புக்காகிதத்தால் நீவிவிடலாம். துளையைப் பெரிதாக்கும் அளவுக்குத் தேய்த்துவிடக் கூடாது.

புது வெளி ரேஸ்களை முந்தின இரவே பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வீட்டு ஃப்ரீசரில் சாதாரணமாக மைனஸ் 18 டிகிரி இருக்கும், நமக்கு அது போதும். வேலை தொடங்கும் முன் கழுத்தை ஹீட் கன்னால் சுற்றிச் சுற்றிச் சூடேற்றுங்கள். கையை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூடு போதும், பெயின்ட்டைக் கொப்பளிக்க விடாதீர்கள். துளையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் வெளியே என்பதில் ஒரு நிமிடம் நில்லுங்கள். குண்டு உட்காரும் அகன்ற வாய், கழுத்திலிருந்து வெளியே பார்க்க வேண்டும். அதாவது மேல் ரேஸின் வாய் வானத்தைப் பார்க்கும், கீழ் ரேஸின் வாய் தரையைப் பார்க்கும். தலைகீழாக அடித்து இறக்கிவிட்டால் திரும்ப எடுப்பதற்குள் புது ரேஸ் பழையதாகிவிடும்.

இப்போது அந்தப் பழைய ரேஸ். அதன் வெளி விட்டத்தைக் கிரைண்டரில் சுற்றிலும் லேசாகத் தேய்த்துக்கொண்டால், துளைக்குள் சிக்காமல் போய்வரும் தள்ளுகட்டை தயார். புது ரேஸின் மேல் இதை வைத்து, இதன் மேல் அடித்தால் அடி வெளி விளிம்பில் மட்டும் சமமாக இறங்கும். தேய்க்க மறந்துவிட்டால் பழைய ரேஸும் புது ரேஸோடு உள்ளே போய் இறுகிவிடும். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடக்கிற விஷயம். ரேஸின் வெளி விளிம்பில் மட்டும் உட்காரும் பெரிய சாக்கெட்டும் இதே வேலையைச் செய்யும்.

அடிக்கவே பயம் என்றால் இன்னொரு வழி. முழு நீளத்துக்கும் மரை உள்ள தடித்த கம்பி ஒன்று, தடித்த வாஷர்கள், இரண்டு நட்டு. கம்பியைக் கழுத்துக்குள் விட்டு, ஒரு பக்கம் வாஷர் கழுத்தின் வாயில் தாங்க, மறுபக்கம் வாஷர் தள்ளுகட்டையின் மேல் உட்கார, நட்டை ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டே போனால் ரேஸ் தானாக உள்ளே இழுபடும். மெதுவாக நடக்கும், ஆனால் சாய்வது கண்ணுக்குத் தெரியும். சாய்ந்தால் நிறுத்தி, தளர்த்தி, நேராக்கிவிட்டுத் தொடரலாம். முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரே சமயத்தில் இரண்டு ரேஸையும் இழுக்காதீர்கள், ஒவ்வொன்றாகப் போகட்டும்.

சுத்தியலால் இறக்குகிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ரேஸ் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ‘தொப் தொப்’ என்று மந்தமான சத்தம். படியில் போய் முட்டிய அடுத்த அடியில் ‘டங்’ என்று ஃபிரேம் முழுக்க அதிரும், சுத்தியல் கையில் துள்ளும். சுற்றிலும் எல்லா இடத்திலும் ‘டங்’ வந்தால்தான் கணக்கு. என் கதையில் வந்த ‘டங்’ ஒரே பக்கம் பெயின்ட் கட்டியில் முட்டிய ‘டங்’. அதனால் உள்ளே டார்ச் அடித்து, ரேஸுக்கும் படிக்கும் நடுவே சந்து இல்லை என்று கண்ணாலும் பார்த்துவிடுங்கள்.

ஸ்டெமின் ரேஸுக்கு வெப்பம் நேர்மாறாக வேலை செய்யும். அதைச் சூடேற்ற வேண்டும், ஸ்டெம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். முதலில் புது டஸ்ட் சீலை ஸ்டெமில் போட்டுவிடுங்கள், இதை மறந்தால் திரும்பவும் உளிதான். பிறகு ரேஸை 80 முதல் 100 டிகிரி வரை ஓவனில் சூடாக்கி, கனமான கையுறையோடு எடுத்து ஸ்டெமில் விட்டால் சும்மா வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். 120 டிகிரியைத் தாண்ட வேண்டாம். தீயை நேராகக் காட்டினால் எஃகின் கடினம் போய்விடும், அப்புறம் அந்த ரேஸில் குழி விழ அதிக நாள் ஆகாது. வழியில் நின்றுவிட்டால், உள் ரேஸில் மட்டும் உட்காரும் அளவுக் குழாய் ஒன்றைச் செருகித் தட்டுங்கள். டேப்பர் பேரிங்கில் குழாய் கூட்டின் மேல் பட்டுவிட்டால் அந்த பேரிங் மாட்டுவதற்கு முன்பே கெட்டது.

கிரீஸ், குண்டு, நட்டு

தண்ணீர் தாங்கும் லித்தியம் கிரீஸ் போதும். கஞ்சத்தனம் வேண்டாம், இந்த பேரிங் வேகமாகச் சுற்றாததால் நிறைய வைத்தாலும் சூடாகாது. டேப்பர் அல்லது கூட்டு பேரிங் என்றால் உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸை வைத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி இழுங்கள், மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும் வரை. தனிக் குண்டு என்றால் ரேஸில் தடித்த கிரீஸ் பூசி, எழுதி வைத்த எண்ணிக்கைப்படி ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். கடைசியில் ஒரு சின்ன இடைவெளி மிச்சமிருக்கும். அது இருக்க வேண்டியதுதான். ‘இன்னொன்று போகும் போல இருக்கிறதே’ என்று திணித்தால் குண்டுகள் ஒன்றையொன்று நெருக்கி உருளாமல் வழுக்கும்.

ஸ்டெமை நேராக ஏற்றி, மேல் ரேஸைப் போட்டு, அட்ஜஸ்டிங் நட்டைக் கையால் இறக்குங்கள். முதலில் மேனுவல் சொல்லும் அளவுக்குச் சற்று அழுத்தமாகவே இறுக்கி, ஸ்டெமைக் கோடிக்குக் கோடி பலமுறை திருப்ப வேண்டும். குண்டுகள் தங்கள் இடத்தைப் பிடிக்கவும் கிரீஸ் பரவவும்தான் இது. பிறகு நட்டைத் தளர்த்தி, மறுபடி மெதுவாக, ஆட்டம் இல்லாமல் போகும் வரை மட்டும் இறுக்குங்கள். மேல் கிளாம்பின் நட்டை இறுக்கும்போது இந்த அட்ஜஸ்ட்மென்ட் இன்னும் கொஞ்சம் இறுகும். அதனால் எல்லாம் மாட்டியபின் மறுபடி பார்க்காமல் விடக் கூடாது.

முன்சக்கரம் அந்தரத்தில் இருக்க, ஹேண்டிலை நேராக வைத்து ஒரு பக்கமாக லேசாகத் தட்டுங்கள். அது தன் பாரத்தில் தானாகவே கோடி வரை சாய்ந்து விழ வேண்டும், நடுவில் எங்கும் நிற்கக் கூடாது. பாதியில் நின்றால் ஒன்று நட்டு அதிக இறுக்கம், அல்லது கேபிள்கள் இழுக்கின்றன. கேபிளை ஒதுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அதிக இறுக்கத்தோடு ஓட்டினால் மெதுவாகப் போகும்போது பைக் பாம்பு மாதிரி நெளியும். பைக் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ள ஹேண்டில் சுதந்திரமாக அசைய வேண்டும், அதை நட்டு தடுக்கிறது. லூஸாக விட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் குண்டு ரேஸை அடிக்கும், போட்ட புது ரேஸிலும் குழி ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவே சரியான இடம் நட்டின் ஒரு சின்னத் திருப்பத்துக்குள்தான் இருக்கிறது. இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டித்தான் அது கிடைக்கும், எனக்கும் அப்படித்தான்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு 500 கி.மீ. ஓட்டிவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புது செட் படியும்போது கொஞ்சம் லூஸ் ஆவது சகஜம், ஒருமுறை இறுக்கினால் நின்றுவிடும். இறுக்கிய பிறகும் சில நாளில் ‘டக்’ திரும்பி வந்தால், நட்டைக் குறை சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழ் ரேஸிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.